பெருமூச்சை அழித்த டைப்பிஸ்ட்

வலது காலால் பெடலை அழுத்தினால் டேப் ஓடும். காலை எடுத்தால் நிற்கும். பெடலின் இடது ஓரத்தை மிதித்தால் கொஞ்சம் பின்னால் போய், விட்ட இடத்திலிருந்து மறுபடி சொல்லும். ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் இதையே செய்து செய்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போதும் என் வலது கால் தானாக ஆடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் எனக்கு ஏதோ நரம்புக் கோளாறு என்று நினைத்திருப்பார்கள்.

அன்றைக்கு ஹெட்போனில் ஒருவர் ஏதோ கேமராவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சளி பிடித்தவர் மாதிரி மூக்கடைத்த குரல். ஒரு எண்ணைச் சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்தினார். மூச்சை இழுத்து மெதுவாக விட்டார். என்ன எண் என்பது மறந்துவிட்டது போல. முதலிலிருந்து ஆரம்பித்து, தப்பாகச் சொல்லி, திருத்தி, மறுபடி ஒரு பெருமூச்சு விட்டார்.

நான் காலை எடுத்தேன். பெருமூச்சு இரண்டையும் மறதியையும் தள்ளிவிட்டு, சரியான எண்ணை மட்டும் வைத்து அழகாக ஒரு வாக்கியம் அடித்தேன். பார்க்கவே லட்சணமாக இருந்தது.

அவர் பேசியது பூமிக்கு நானூறு கிலோமீட்டருக்கும் மேலே இருந்து. பேசி இருபது வருஷம் தாண்டியிருந்தது. நான் தள்ளிவிட்ட அந்தப் பெருமூச்சுக்காகத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

ஸ்வெட்டர் போட்ட ஆகஸ்ட்

இது நடந்தது தொண்ணூறுகளின் நடுவில். வருஷத்தைக் கறாராகக் கேட்காதீர்கள். என் மகள் ஷீபா கிண்டர்கார்டன் போய்க்கொண்டிருந்தாள், எங்கள் காரில் ஏசி வேலை செய்யவில்லை. இந்த இரண்டை வைத்துத்தான் நான் காலத்தைக் கணக்குப் போடுகிறேன்.

ஹூஸ்டனுக்குத் தெற்கே கிளியர் லேக் பக்கம் எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்றால் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்யவேண்டாம். ஒரு டோனட் கடைக்கும் டிரை கிளீனிங் கடைக்கும் நடுவில் மூன்று அறைகள். வெளியே ஆளை அவித்துவிடும் வெயில். உள்ளே ஏசியில் விரல் விறைத்துவிடும். டெக்சாஸில் ஆகஸ்ட் மாதத்தில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

கிரீன் கார்டு கைக்கு வந்த வருஷமே என் கணவர் தாவீதுக்கு வேலை போனது. எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை அட்டைப்பெட்டியில் சாமான்களைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அதைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்றார். அன்றிலிருந்து அவர் பேசுவதே குறைந்துபோனது.

டைப்பிஸ்ட் தேடுகிறார்கள் என்று சர்ச்சில் ஒருவர் சொன்னார். போனேன். மார்கரெட் என்று ஒரு டாக்டரம்மா. அறுபது வயசு இருக்கும். தூக்கத்தையும் களைப்பையும் பற்றி ஆராய்ச்சி செய்பவர், ஆனால் அவர் கண்ணைப் பார்த்தால் தூங்கி நாலு நாள் ஆனது போல இருக்கும். பேப்பர் கப்பில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு கடித்துக்கொண்டே இருப்பார். கையில் ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்து எனக்கு டைப்பிங் டெஸ்ட் வைத்தார். நான் முடித்துவிட்டு, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஸ்டாப்வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அறுபத்திரண்டு கேசட்டுகளைக் காட்டினார். ஸ்கைலாப் என்ற பழைய விண்வெளி நிலையத்துக்குக் கடைசியாகப் போய், ஏறக்குறைய மூன்று மாதம் தங்கிய மூவரின் பேச்சு. கேட்பதை அப்படியே அடித்துத் தரவேண்டும். எதற்காக என்று கேட்டேன். சொல்லமாட்டேன் என்றார். எதைத் தேடுகிறோம் என்று டைப் அடிக்கிறவருக்குத் தெரிந்தால், அதுதான் அவர் காதில் விழுமாம்.

எங்கள் தலையில் விழ இருந்தது

ஸ்கைலாப் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டருக்குக் காரணம் சொல்லிப் புரியவைக்க முடியாது. இதைப் படிக்கிறவர்களில் வயதானவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

நான் பள்ளிப் படிப்பை முடித்து, பாளையங்கோட்டையில் டைப்ரைட்டிங் கிளாசில் சேர்ந்த வருஷம். ஆள் இல்லாமல் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஸ்கைலாப் கீழே விழப்போகிறது என்று பேப்பரில் வந்தது. எங்கே விழும் என்று தெரியாதாம். எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எங்கள் தெருவில்தான். எதிர்வீட்டுக்காரர் வளர்த்த கோழிகளையெல்லாம் ஒரே வாரத்தில் அடித்துச் சாப்பிட்டுத் தீர்த்தார். அது எங்கேயோ ஆஸ்திரேலியா பக்கம் விழுந்தது. அவர் கோழி போன துக்கத்தில் ஒரு மாதம் யார் முகத்திலும் விழிக்கவில்லை.

அந்தக் கலவரத்திலும் டைப்ரைட்டிங் கிளாசுக்கு லீவு விடாதவர் மாசிலாமணி சார். ஜன்னல் வழியாக நாங்கள் வானத்தைப் பார்த்தால் அடிஸ்கேலால் மேஜையைத் தட்டுவார்.

"மேல இருந்து எது விழுந்தா உங்களுக்கு என்னட்டி? கண்ணு பேப்பர்ல இருக்கணும்."

லோயர், ஹையர், அதற்குப் பிறகு ஷார்ட்ஹேண்ட், எல்லாம் அவரிடம்தான். டிக்டேஷன் கொடுக்கும்போது வேண்டுமென்றே உளறுவார். இருமுவார், சொன்னதையே திரும்பச் சொல்லுவார், பாதியில் விட்டுவிட்டு வேறு எதற்கோ தாவுவார். அதை அப்படியே அடித்துக்கொண்டு போனவளுக்கு அன்று பாட்டு கிடைக்கும்.

"ஆபீசர் உளறத்தான் செய்வாரு. லெட்டர் உளறப்பிடாது. அதுக்குத்தான் நீ."

அந்த 'நீ'யில் எனக்குப் பெருமை. நம் ஊர் ஸ்டெனோக்கள் எல்லோருக்கும் அந்தப் பெருமை உண்டு. கலெக்டர் ஆபீஸில் எத்தனையோ அதிகாரிகளின் ஆங்கிலத்தைக் கரையேற்றிவிட்டதே நாங்கள்தான்.

டாக்டர் எனக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார். இடைவெளி, இருமல், தயக்கம் எல்லாவற்றையும் குறிக்கவேண்டும் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. படித்தேன். எதை வைப்பது எதை விடுவது என்று தெரியாத அரைகுறைகளுக்கு எழுதிய விதி, எனக்கு இல்லை என்று மடித்து டிராயரில் வைத்தேன். இதை இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது.

நாலு மாதம் என் வழியிலேயே அடித்தேன். என் பக்கங்கள் சுத்தமாக இருப்பதாக டாக்டர் இரண்டு தடவை சொன்னார். நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் ஞாயிறு

எங்கள் தமிழ் ஆராதனை மாதத்தில் ஒரு நாள்தான், இரண்டாம் ஞாயிறு, அமெரிக்கர்களின் சர்ச் ஒன்றில் வாடகை ஹாலில். அது முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குக் கேசட் பேசுவேன். அம்மா பாளையங்கோட்டையில் தனியாக இருந்தாள். ரிட்டயர்டு டீச்சர். போனில் பேசினால் வாயைத் திறக்கும் முன்னே முடித்துவிடச் சொல்லும் கட்டணம். கேசட் என்றால் அரைமணி நேரம் சாவகாசமாகப் பேசலாம்.

சாவகாசமாக என்று சொல்கிறேனே தவிர, அந்த அரைமணிப் பேச்சுக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போய்விடும். என்னென்ன சொல்லவேண்டும் என்று முதலில் தாளில் எழுதிக்கொள்வேன். நடுவில் குரல் கம்மினால் ரீவைண்ட். ஷீபா அழுதால் ரீவைண்ட். "நாங்க எல்லாரும் நல்ல சுகமா இருக்கோம்மா" என்பது சுகமாக வரும்வரை திரும்பத் திரும்பப் பதிவு. தாவீதுக்கு வேலை போனதை நான் அம்மாவிடம் சொல்லவே இல்லை.

அம்மாவிடமிருந்து வரும் கேசட்டும் அதே லட்சணம்தான். டீச்சர் குரல். ஸ்தோத்திரத்தில் ஆரம்பித்து, தெருவில் யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாவு என்று வரிசையாகச் சொல்லி, எங்களுக்காக ஒரு ஜெபத்தோடு முடியும். ஒரு இடத்திலும் தடுமாற்றம் இருக்காது.

ஐஸ் கடிக்கும் சத்தம்

அறுபத்திரண்டாவது கேசட்டையும் முடித்துக் கொடுத்து இரண்டு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். வேலை முடிந்துவிட்டதால் இனி சொல்லலாம் என்று விஷயத்தைச் சொன்னார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நம் பாஷையில் தருகிறேன்.

"புதிதாக ஒரு நிலையம் கட்டப்போகிறார்கள், மெர்சி. மாதக்கணக்கில் ஆட்கள் அங்கே இருக்கப்போகிறார்கள். ஒவ்வொரு நிமிஷத்துக்கும் வேலை போட்டு அட்டவணை தயாரிக்கிறார்கள். இந்த மூன்று பேருக்கும் அப்படித்தான் அடைத்துக் கொடுத்தார்கள். வாரம் போகப் போக அவர்கள் எவ்வளவு களைத்தார்கள் என்பதை அவர்கள் பேச்சிலிருந்தே காட்டலாம் என்று நினைத்தேன். களைத்த மனிதன் பேச்சில் தடுமாறுவான். அந்தத் தடுமாற்றத்தை எண்ணப்போனேன்."

ஒரு ஐஸ் கட்டியைக் கடித்தார்.

"தடுமாற்றமே இல்லை. முதல் வாரம் எப்படியோ அப்படியே எட்டாவது வாரமும். நான் நினைத்தது தப்பு. அவர்கள் களைக்கவில்லை என்றுதான் வெள்ளிக்கிழமை அந்த அட்டவணைக்காரர்களுக்கு எழுதி அனுப்பப்போகிறேன்."

அந்த மூன்று பேரும் தடுமாறிய ஒவ்வொரு இடமும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் என் கையால்தான் துடைத்தேன். இனிப் போகிறவர்களுக்கு ஓய்வு கேட்க இந்த அம்மாவிடம் இருந்த ஒரே சாட்சியை நான் அழித்துவிட்டேன். சொல்லியிருக்கவேண்டும். "ஓகே டாக்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை ஷீபாவின் பள்ளியிலிருந்து போன். குழந்தையின் லஞ்ச் பாக்ஸில் சாப்பாடு இல்லையாம். காலையில் காலி டப்பாவை ஒழுங்காக மூடி, ஸ்பூனும் நாப்கினும் வைத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

சாயங்காலம் அவள் என்னைத் திட்டவில்லை. "இட்ஸ் ஓகே அம்மா, யூ வேர் டயர்ட்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அப்பார்ட்மெண்டின் லாண்டரி ரூமில் துணி மடித்துக்கொண்டே தாவீதிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு துண்டை நாலு தடவை மடித்துப் பிரித்தார்.

"டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பம் நீயா போயி ஏன் சொல்லுத? உன்னையும் தூக்கிட்டான்னா ரெண்டு பேரும் வீட்ல மூஞ்சிய மூஞ்சிய பாத்துட்டு உக்காரவா?"

"அவங்க தப்பா எழுதி அனுப்பிருவாங்களே."

"அனுப்பட்டும். நமக்கு இப்பம் இருக்கது அந்த ஒரு வேலதான் மெர்சி."

அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது எதுவும் பொய் இல்லை.

கை மடியில்

வெள்ளிக்கிழமை சீக்கிரமே ஆபீஸ் போய், ஒரு கேசட்டைப் போட்டேன். எட்டாவது வாரத்தது. கீபோர்டைத் தள்ளிவைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். நாலு மாதத்தில் டைப் அடிக்காமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒருவர் ஏதோ கருவியின் அளவைச் சொல்லப் பார்க்கிறார். வரவில்லை. மறுபடி பார்க்கிறார். அப்புறம் பேச்சே இல்லை, மின்விசிறியின் இரைச்சல் மட்டும். தூரத்திலிருந்து இன்னொருவர் அந்த எண்ணை எடுத்துக் கொடுக்கிறார். அவர் குரலும் உள்ளே போயிருக்கிறது.

நான் அழுதேன். அவர்களுக்காக அழுதேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். காலி லஞ்ச் பாக்ஸுக்காகவும், கட்டிலுக்கு அடியில் கிடந்த அட்டைப்பெட்டிக்காகவும்தான் பாதி அழுகை. எனக்கு அவ்வளவு களைப்பு. யாரிடமும் சொல்லாத களைப்பு.

டாக்டர் வந்ததும் ஹெட்போனை அவர் கையில் கொடுத்தேன். என் பிரிண்ட்அவுட்டையும் பக்கத்தில் வைத்தேன். கேட்டுக்கொண்டே தாளைப் பார்த்தார். ஐஸ் கப்பைக் கீழே வைத்தார்.

"எத்தனை கேசட்டில் இப்படி?"

"எல்லாவற்றிலும்."

"ஏன்?"

மாசிலாமணி சாரைப் பற்றிச் சொன்னேன். என்னத்தைச் சொல்ல, ஆபீசர் உளறினாலும் லெட்டர் உளறக்கூடாது என்பதை ஆங்கிலத்தில் சொன்னபோது எனக்கே அபத்தமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

"மூன்று வாரம் தவணை கேட்டுப் பார்க்கிறேன். அதற்குள் எல்லா இடைவெளியையும் திரும்பப் போடமுடியுமா?"

"முடியும்."

"முடியாவிட்டால், நீ முடியாது என்று சொல்லவேண்டும். அதையும் அழகாக்கிச் சொல்லாதே."

மூன்று வாரம்

பகலில் ஆபீஸில் நான். ஆபீஸிலிருந்த இன்னொரு டேப் மெஷினைக் கேட்டு வாங்கி வந்து வீட்டில் தாவீதிடம் கொடுத்தேன், டாக்டரின் சம்மதத்தோடுதான். பழைய பிரிண்ட்அவுட்டில் சிவப்பு பேனாவால் கோடு போட்டு, எத்தனை விநாடி என்று எழுதவேண்டும். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலு மாதமாக சோபாவை விட்டு எழுந்திருக்காத மனிதர்.

ஒரு சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

"இந்தாளும் என்ன மாரிதான் பேசுதான் பாத்துக்க. ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லங்கான். ஆனா மூச்சப் பாரு."

பிறகு எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை வெளியே இழுத்தார். உள்ளே இருந்த காப்பிக் கோப்பையைக் கழுவிச் சமையலறையில் வைத்தார்.

மூன்று வாரமும் நான் சரியாகச் சாப்பிட்டதாகவோ தூங்கியதாகவோ ஞாபகம் இல்லை. பக்கங்கள் எல்லாம் சிவப்பு. மாசிலாமணி சார் பார்த்திருந்தால் அடிஸ்கேல் உடைந்திருக்கும். டாக்டர் தடுமாற்றங்களை எண்ணிப் பார்த்து கிராஃப் தாளில் கோடு வரைந்தார். அவர்கள் மேலே இருந்த வாரங்கள் கூடக் கூடக் கோடும் ஏறிக்கொண்டே போனது. அனுப்பிவிட்டார். பிற்காலத்தில் புதிய நிலையத்தில் ஆட்கள் தங்கப்போனதைப் பேப்பரில் பார்த்தபோது, இவர்கள் ஓய்வு எடுக்க நேரம் போட்டுக் கொடுத்திருப்பார்களா என்றுதான் தேடினேன். டாக்டரின் அறிக்கையை யார் படித்தார்கள், யார் குப்பையில் போட்டார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. என் வேலை தப்பியது.

பதினோரு விநாடி

அது முடிந்து வந்த இரண்டாம் ஞாயிறு. அம்மாவுக்குக் கேசட் பேச உட்கார்ந்தேன். தாளில் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை, எழுதத் தெம்பு இல்லை. பட்டனை அழுத்தினேன். வாய் வரவில்லை. டேப் சுற்றிக்கொண்டிருந்தது.

"அம்மா, அவங்களுக்கு வேலை போயிட்டும்மா. ஆறு மாசம் ஆச்சு. நான் உங்ககிட்ட சொல்லல. எனக்கு ரொம்ப அசதியா இருக்கும்மா. முடியல."

சொல்லி முடித்ததும் பெருமூச்சு வந்தது. பழக்கதோஷத்தில் விரல் ரீவைண்ட் பட்டனுக்குப் போனது. தாவீது என் கையைப் பிடித்தார்.

"கெடக்கட்டும். அப்படியே அனுப்பு."

ஐந்து வாரம் கழித்து அம்மாவின் பதில் வந்தது. லஞ்ச் நேரத்தில் ஆபீஸ் மெஷினிலேயே போட்டுக் கேட்டேன். வழக்கமான ஸ்தோத்திரம். "ஏட்டி மெர்சி" என்றாள். அதோடு நின்றுவிட்டாள்.

என் கால் பெடலை விட்டு எழவில்லை. கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. பதினோரு விநாடி. தெருவில் சைக்கிள் மணி ஒன்று கேட்டது. பிறகு அம்மாவின் மூச்சு.

"எனக்கும் முடியலட்டி. போன வருஷமே கீழ விழுந்துட்டேன். இடுப்பு எலும்பு சரியாவே கூடல. உங்கிட்ட சொல்லாண்டாம்னு தெருவுல எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன். கேசட்டு பேசுத அன்னைக்கு மட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளைட்ட என்னய எழுப்பி உக்கார வைக்கச் சொல்லுவேன். படுத்துட்டுப் பேசினா குரல்ல தெரிஞ்சிரும்லா."

இடது ஓரத்தை மிதித்தேன். மறுபடி கேட்டேன். மறுபடியும் மிதித்தேன். ஒரு வருஷமாக வந்த கேசட்டுகளில் ஒரு தடுமாற்றமும் இல்லாததை நினைத்துக்கொண்டேன். நானும் அவளும் ஒருவருக்கொருவர் எத்தனை சுத்தமாகப் பேசியிருக்கிறோம்.

வாசலில் டாக்டர் ஐஸ் கப்போடு நின்றிருந்தார். தமிழ் புரியாவிட்டாலும் என் முகம் அவருக்குப் புரிந்திருக்கும். எனக்கு லீவு வேண்டும் என்றேன். எவ்வளவு நாள் என்று கேட்டார். தெரியாது என்றேன். போய்விட்டு வா என்றார்.

அடுத்த வாரக் கடைசியில் பாளையங்கோட்டை வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். அம்மா உள் அறையில் கட்டிலில் கிடந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"வேண்டாம்மா. படுத்துக்கோங்க."

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.